கருடா ஆஸ்பத்திரிக்கு ஐந்து நட்சத்திரம்

"ஆஸ்பத்திரி பிரமாதம் மேடம்," என்றான் அலெக்ஸ். "நல்ல காத்து, ஏ.சி.யே தேவையில்ல. நர்சுங்க மட்டும் கொஞ்சம் கறுப்பா, கொம்போட இருக்காங்க."

பனமலை ஏரிக்கரையில் எருமைகள் நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. கட்டடம் என்று சொல்ல ஒரு கோழிக்கூடுகூட அங்கே இல்லை.

துப்பறியும் பெனாசிர் சிரிக்கவில்லை. உதவியாளனை ஒரு முறை முறைத்தாள். அப்போதுதான் பின்னால் நின்ற வேணியின் நினைப்பு அவனுக்கு வந்தது. புருஷனுக்குக் காரியம்கூட இன்னும் முடியாதவள். அலெக்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டு எருமைகளைப் பார்க்கப் போய்விட்டான்.

கோட்டக்குப்பத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே பெனாசிரின் அலுவலகம். மாப்பிள்ளை குடிப்பானா, துபாயில் அவனுக்கு வேறு குடும்பம் உண்டா என்பது மாதிரி கேஸ்கள்தான் பெரும்பாலும் வரும். பொய்கள் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் ஓர் ஆஸ்பத்திரியே பொய்யாக இருக்கும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

"மறுபடி ஒருவாட்டி சொல்லு வேணி. பயப்படாம சொல்லு."

"கொல்லையில மல்லாட்டை, கடலைச் செடி புடுங்கிக்கினு இருந்தாரும்மா. கால்ல பாம்பு கடிச்சிருச்சி. பெரியாஸ்பத்திரி தூரமாச்சே, கிட்டத்துல எதுனா இருக்குதான்னு போன்ல கேட்டேன். நொடின்னு ஒரு ஆப்பு, அதுல. இந்தக் கரையில கருடா விஷக்கடி ஆஸ்பத்திரி, எந்நேரமும் தொறந்திருக்கும்னு காட்டிச்சி. நம்பர் இருந்திச்சி. போன் போட்டேன். ஒரு பொம்பள எடுத்தாங்க."

"எடுத்ததும் என்ன கேட்டாங்க?"

"எந்த ஆப்ல பாத்தீங்கன்னு கேட்டாங்க."

"என்ன பாம்புன்னு கேக்கலியா? எப்ப கடிச்சுதுன்னு?"

"இல்லம்மா. நொடியில பாத்தேன்னேன். சரி, சீக்கிரம் கூட்டிக்கினு வாங்கன்னு வச்சிட்டாங்க." வேணி கரையைக் காட்டினாள். "ஆட்டோவுல இந்தக் கரை மேலயும் கீழயும் சுத்திச் சுத்தி வந்தோம். திருப்பிப் போட்டா போன் ஆஃப். அவரு வாயில நொரை வந்திச்சி. பெரியாஸ்பத்திரிக்கித் திருப்பறதுக்குள்ள எம்மடியிலயே போயிட்டாரு."

மண்ணாங்கட்டி என்ற அந்த மனிதர் செத்ததோடு கதை முடியவில்லை. அவருடைய தாய் அம்சா போலீசில் புகார் கொடுத்திருந்தாள். மெயின் ரோட்டில் நேரே போயிருந்தால் பெரியாஸ்பத்திரி. மருமகள் வேண்டுமென்றே ஏரிக்கரைக்குத் திருப்பி, என் பிள்ளையைச் சாகடித்தாள். அன்று காலையில்தான் புருஷன் குடித்துவிட்டு அடித்தான். "செத்து ஒழி" என்று வேணி கத்தியதைத் தெருவே கேட்டது.

போலீஸ் அந்த ஆஸ்பத்திரியைத் தேடியது. எந்த ஆப்பிலும் இல்லை. போன் நம்பர் செத்துப்போன யாரோ ஒருவர் பெயரில் வாங்கிய சிம்மில் போய் நின்றது. விசாரித்த இன்ஸ்பெக்டர் புகழேந்தி நல்ல மாதிரி. "சாயந்தரம் வரைக்கும் பொறுத்துக்கறேன் பெனாசிர். அப்புறம் அந்தப் பொண்ண கைது பண்ணித்தான் ஆவணும்" என்று சொல்லியிருந்தார்.

இந்த மாவட்டத்தில் தமிழில் பேசினால் தேடித் தரும் கம்பெனிகள் இரண்டு. விழுப்புரத்தில் 'நொடி'. திண்டிவனத்தில் 'கைகாட்டி'. மெக்கானிக், மாவு மில், நாதஸ்வரம், நல்ல வக்கீல் எதைக் கேட்டாலும் சொல்லும். சென்னையின் பெரிய கம்பெனி ஒன்று இந்த இரண்டில் ஒன்றை மட்டும் வாங்கப்போகிறது என்று பேச்சு அடிபட்டதிலிருந்து இரண்டும் கழுத்தைக் கடிக்காத குறையாகச் சண்டை போட்டன. ஆனால் போலீஸ் கேட்டபோது மட்டும் இரண்டும் ஒரே பதில் சொன்னன. கருடா என்ற பெயரே எங்களிடம் என்றும் இருந்ததில்லை.

வேணிக்காகப் பெனாசிரை நியமித்தது கைகாட்டியின் முதலாளி அஸ்வினி. "நொடிக்காரன் பொய் விலாசம் போட்டு ஒரு மனுஷன கொன்னுட்டு, இப்ப அழிச்சிட்டு நிக்கறான். அந்தப் பொண்ணு பாவம். நிரூபிச்சுக் குடுங்க மேடம்" என்று கண்கலங்கச் சொன்னாள். படித்த, பதவிசான பெண். பெனாசிருக்கு அவளைப் பிடித்துப்போனது. அதை நினைத்துப் பின்னால் அவள் நிறையவே வெட்கப்பட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள் பெனாசிர். "பேரு தெரியாத ஆஸ்பத்திரி. அவசரம் வேற. எத நம்பி மெயின் ரோட்ட விட்டுத் திரும்புன?"

வேணி யோசிக்கவே இல்லை. "கீழ ஒருத்தவங்க எழுதியிருந்தாங்கம்மா. அஞ்சு நட்சத்திரம் போட்டு. 'போனில் பேசியவர் தெய்வம். என் அப்பாவின் உயிரைக் காப்பாற்றினார். அன்புச்செல்வி, திருவாமாத்தூர்.' அத படிச்சிட்டுத்தான் தைரியமா திரும்பச் சொன்னேன்."

அலெக்ஸ் எருமைகளை விட்டுவிட்டு வந்தான். "இல்லாத ஆஸ்பத்திரியில பொழைச்ச அப்பாவா? மேடம், அந்த அப்பாவும் இருக்க மாட்டாரு."

"இருந்தா?"

"இருந்தா அவரு கால்ல விழுந்து, எந்த வார்டுல படுத்திருந்தீங்கன்னு கேப்பேன்."

"ஏறு வண்டியில."

வேணியை அவள் ஊரில் இறக்கிவிட்டுக் கிளம்பினார்கள். வழியில் விழுப்புரம். நொடி அலுவலகம் ஒரு கட்டில் பீரோ கடையின் மாடியில் இருந்தது. முதலாளி வெங்கடாசலம் சுழல் நாற்காலியில் சுழன்றுகொண்டே பேசினார்.

"கருடா, மருடா எதுவும் எங்ககிட்ட இல்லம்மா. போலீசுக்கே எழுதிக் குடுத்தாச்சு."

"வேணி பாத்திருக்காளே?"

"புருஷன கொன்னவ எதையும் பாப்பா."

பெனாசிருக்கு அறையலாம் போல இருந்தது. அலெக்ஸ் முந்திக்கொண்டான். "சார் சொல்றது கரெக்ட்தான் மேடம். கைகாட்டி அம்மாவும் அதையேதான சொன்னாங்க? வெங்கடாசலம் ஆளுங்களுக்குப் புதுசா ஒரு டீக்கடைய கண்டுபுடிக்கக்கூடத் துப்பு இல்ல. பாம்பு ஆஸ்பத்திரிய எங்க கண்டுபுடிக்கப் போறாங்கன்னு."

நாற்காலி சுழல்வது நின்றது. "எவ சொன்னா? அவளா? ஊருக்குள்ள அவ எதப் போட்டாலும் மறுநிமிஷம் எங்ககிட்ட இருக்கும்யா! எங்க மெஷினு அப்பிடி. அந்தக் கருடாவ அவ போட்ட அன்னிக்கே நாங்க..."

அதற்குமேல் அவர் வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

"சொல்லுங்க சார்," என்றாள் பெனாசிர். "அன்னிக்கே நீங்க?"

"ஒண்ணுமில்ல. எனக்கு மீட்டிங் இருக்குது."

படியிறங்கும்போது அலெக்ஸ் உற்சாகமாக இருந்தான். "கேட்டீங்களா மேடம்? அவரு காப்பியடிச்சேன்னு ஒத்துக்கினா மானம் போயிடும். அதான் ஆஸ்பத்திரியே இல்லன்னு சாதிக்கறாரு. நல்ல மனுஷன். மானத்துக்காக ஒரு பொம்பளைய ஜெயிலுக்கு அனுப்பறாரு."

"அதில்ல அலெக்ஸ். அவ போட்டான்னு சொன்னாரு. நம்ம அஸ்வினி போடவே இல்லன்னு சொன்னாங்க. ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் புளுகறாங்க."

"நம்ம கட்சிக்காரங்களா புளுகுவாங்க? அவங்க கர்ச்சீப்லாம் வச்சிக்கினு அழுதாங்களே மேடம்."

திருவாமாத்தூரில் கோயிலுக்குப் பின்தெருவில் பாம்பு கடித்துப் பிழைத்த அப்பா எந்த வீடு என்று கேட்டதும் ஆளாளுக்குக் கை காட்டினார்கள். அப்பா நிஜமாகவே இருந்தார். வாசலில் உட்கார்ந்து, அவித்த மல்லாட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். காலில் கடிபட்ட இடம் மட்டும் கறுத்து வற்றியிருந்தது.

"எந்த வார்டுங்க ஐயா?" என்றான் அலெக்ஸ்.

"பெரியாஸ்பத்திரி," என்றார் அவர், கடலையை நிறுத்தாமல். "பெரியாஸ்பத்திரியில இட்லி நல்லாருக்கும் தம்பி."

பெனாசிர் உள்ளே பார்த்தாள். ஜாக்கெட் தைக்கும் மிஷினை நிறுத்திவிட்டு அன்புச்செல்வி எழுந்து வந்தாள்.

"ஏம்மா, பெரியாஸ்பத்திரியில பொழைச்சவருக்கு, கருடா ஆஸ்பத்திரிக்கு எதுக்கும்மா நட்சத்திரம் போட்ட?"

"அந்த ஆஸ்பத்திரிய நான் பாத்ததே இல்லீங்க. ஆனா போன்ல அந்தம்மா சொல்லலன்னா நான் அங்கதான் போயிருப்பேன். எங்கப்பா போய்ச் சேந்திருப்பாரு. அதுக்கு நன்றி சொல்ல வேணாமா? வேற எங்க போயிச் சொல்றது? அதான் அங்கயே எழுதினேன்."

"எந்த ஆப்ல?"

"கைகாட்டியிலங்க. எங்கிட்ட அது ஒண்ணுதான் இருக்குது."

பெனாசிர் மனசுக்குள் முடிச்சுப் போட்டுப் பார்த்தாள். கைகாட்டியில் எழுதிய நன்றியை வேணி நொடியில் படித்திருக்கிறாள். வெங்கடாசலத்தின் மெஷின் ஆஸ்பத்திரியை மட்டுமல்ல, அதன் அடியில் கிடந்த நட்சத்திரங்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிருக்கிறது. அப்படியானால் கருடா முதலில் கைகாட்டியில்தான் இருந்தது. அவர் உளறியது உண்மை.

"அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்குதா?"

அன்புச்செல்வி சிரித்தாள். "ஞாபகம் எதுக்குங்க? தையல்காரி போனுங்க இது. தைக்கக் குடுக்கறவங்க அளவ மாத்தி மாத்திச் சொல்லுவாங்கன்னு எல்லா காலும் ரெக்கார்டு ஆவற மாதிரி வச்சிருக்கேன். மத்தத அழிச்சிடுவேன். இத மட்டும் அழிக்கல. மனசு கஷ்டமா இருந்தா போட்டுக் கேப்பேன்."

போனை நீட்டினாள். முதலில் அவளுடைய அழுகை.

"ஹலோ, கருடா ஆஸ்பத்திரிங்களா? எங்கப்பாவ பாம்பு..."

"எந்த ஆப்ல பாத்தீங்க?"

"ஆங்? கைகாட்டியிலங்க."

அந்தக் குரல் சட்டென்று கனிந்தது.

"இங்க வராதீங்கம்மா. இங்க டாக்டர் இல்ல. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. வழியில எங்கயும் நிக்காதீங்க. இறுக்கிக் கட்டு போடாதீங்க. கால ஆட்ட விடாதீங்க. சீக்கிரம், சீக்கிரம்."

அன்புச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எவ்ளோ அக்கறையா பேசறாங்க பாருங்க."

அலெக்ஸின் முகத்தில் இருந்த குறும்பெல்லாம் வடிந்திருந்தது. "மேடம்... இது நம்ம அஸ்வினி மேடம் குரலு."

"தெரியும்," என்றாள் பெனாசிர். "வேணிய கூட்டிக்கினு திண்டிவனம் வரச் சொல்லி புகழேந்திக்குப் போன் போடு. யூனிஃபார்ம் வேணாம்னு சொல்லு. வேணிகிட்ட இதப் பத்தி ஒரு வார்த்தை மூச்சு விடக் கூடாது."

அன்புச்செல்வியிடம் அந்தக் குரலை வாங்கி அலெக்ஸ் தன் போனில் ஏற்றிக்கொண்டான். அவள் தெய்வமாக நினைப்பது யார் என்பதைச் சொல்லப் பெனாசிருக்கு வாய் வரவில்லை. எப்படியும் நாளைக்குத் தெரிந்துவிடும். ஒரு நாளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

திண்டிவனத்தில் கைகாட்டி அலுவலகம் முழுக்கக் கண்ணாடி. 'வழி தெரியலையா? எங்களைக் கேளுங்க' என்று சுவர் நிறைய எழுதியிருந்தது. அஸ்வினி எழுந்து வந்து, அன்றுதான் முதல் முறையாகப் பார்க்கும் வேணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். வேணிக்குப் பின்னால் கட்டம் போட்ட சட்டையில் நின்ற இன்ஸ்பெக்டரை, "வேணிக்குச் சொந்தக்காரரு" என்று அலெக்ஸ் அறிமுகப்படுத்தினான். புகழேந்தி ஒரு கிராமத்துக் கும்பிடு போட்டார்.

"அழாதீங்கம்மா. உங்களுக்கு நான் இருக்கேன்," என்றாள் அஸ்வினி. "போலீஸ்ல மட்டும் நீங்க தெளிவா, பயப்படாம சொல்லணும். எங்க, ஒருவாட்டி எங்கிட்டச் சொல்லிப் பாருங்க. எந்த ஆப்ல பாத்தீங்க?"

வேணி கைகளை உருவிக்கொண்டாள்.

"இதே மாதிரிதான் கேட்டாங்க," என்றாள் பெனாசிரைப் பார்த்து. "இதே குரலுதாம்மா."

"பாவம், குழம்பியிருக்காங்க," என்றாள் அஸ்வினி.

அலெக்ஸ் போனை மேஜை மேல் வைத்து அழுத்தினான். அன்புச்செல்வி அழுதாள். அஸ்வினியின் குரல் கேள்வி கேட்டது. அப்புறம் அக்கறையோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது.

"குரல் மாதிரி குரல் ஆயிரம் இருக்கும் மேடம்," என்றாள் அஸ்வினி.

"இருக்கும். ஆனா அந்தக் கேள்வி ஆயிரம் பேரு கேக்க மாட்டாங்க. டாக்டருன்னா என்ன கடிச்சுதுன்னு கேப்பாங்க. கடைக்காரன்கூட வேல முடிஞ்சப்புறம்தான் எங்க பாத்து வந்தீங்கன்னு கேப்பான். ஒருத்தர் உசுரு போவுதுன்னு கத்தும்போது ஆப் பேரக் கேக்கறவ, அந்தப் பேர வச்சித்தான் எதையோ முடிவு பண்ணப் போறான்னு அர்த்தம். கைகாட்டின்னு சொன்னவள பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புனீங்க. நொடின்னு சொன்னவள ஏரிக்கரைக்கு அனுப்புனீங்க."

பெனாசிர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அஸ்வினிக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"வெங்கடாசலம் உங்ககிட்ட இருக்கறத எல்லாம் காப்பியடிப்பாருன்னு உங்களுக்குத் தெரியும். கேஸ் போட்டா வருஷக்கணக்கா இழுக்கும். அதுக்குள்ள சென்னைக்காரங்க யாரையாவது வாங்கிடுவாங்க. நொடிய நம்பி ஒருத்தன் செத்தான்னு ஊரு பேசினா ஒரே நாள்ல முடிஞ்சிடும். அதுக்கு ஒரு பொணம் வேணும். அதுக்குத்தான் மல்லாட்டை புடுங்கற காலமா பாத்து, வயக்காட்டுக்குப் பக்கத்துல ஏரிக்கரையில ஒரு ஆஸ்பத்திரிய போட்டீங்க. செத்தப்புறம் உங்க ஆப்ல நீங்க அழிச்சீங்க, பயந்துபோயி அவரு ஆப்ல அவரும் அழிச்சாரு. நொடி மேல பழி விழறதுக்கு சாட்சி வேணும். அந்தச் சாட்சியத் தயார் பண்ணத்தான் என்னை வச்சீங்க."

"அந்தாளு யாருன்னே எனக்குத் தெரியாது!" அஸ்வினியின் குரல் முதல் முறையாக உயர்ந்தது.

"தெரியாதுதான். அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. பகையாளிய கொல்றவனுக்குக்கூட அவன் மூஞ்சி தெரியும். உங்களுக்கு யாரா இருந்தாலும் சரின்னு இருந்திருக்கு."

"யாரா இருந்தாலும்னு சொல்லாதீங்க," என்றாள் அஸ்வினி. உண்மையிலேயே அவளுக்கு ரோஷம் வந்திருந்தது. "ராத்திரி பகலா அந்தப் போனைக் கையிலயே வச்சிருந்தேன். எங்க கஸ்டமர் ஒருத்தரக்கூட நான் சாக விடல. எங்கள நம்புனவங்க ஒவ்வொருத்தரையும் காப்பாத்துனேன். மத்தவங்களுக்கு நான் எப்படிங்க பொறுப்பாக முடியும்?"

"அது போதும்மா," என்று சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார் வேணியின் சொந்தக்காரர்.

அதன் பிறகு வேலைகள் வேகமாக நடந்தன. புகழேந்தி வெங்கடாசலத்துக்குப் போன் போட்டு, கருடா நொடியிலும் இருந்தது என்று வாக்குமூலம் தர வேண்டும் என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் பதில் எல்லோருக்கும் கேட்டது.

"தர்றேன் சார், தாராளமா தர்றேன். கைகாட்டிய மூடிடுவாங்களா சார்?"

"ஒரு ஆளு செத்திருக்கான்யா. உம்மேலயும் கேசு இருக்குது. ஜல்தி வந்து சேரு."

"வர்றேன் சார். அந்த வேணியம்மா பக்கத்துல இருக்காங்களா? நொடிக்காக ஒரு சின்ன வீடியோ எடுத்துக் குடுப்பாங்களான்னு..."

புகழேந்தி போனை வைத்துவிட்டுக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். அலெக்ஸ் அதைவிடக் கெட்டதாக ஒன்று சொன்னான்.

"உம்மேல கேசு இல்லம்மா," என்று இன்ஸ்பெக்டர் வேணியிடம் திரும்பினார். "உங்க மாமியாகிட்ட நானே வந்து சொல்றேன். இந்தா, விசாரணைக்கு வாங்கி வச்ச உன் போனு."

வேணி போனை வாங்கிக்கொண்டாள். போனைத் திறந்து பார்த்தபடியே அஸ்வினியின் பக்கம் நடந்தாள்.

"கைகாட்டியில பாத்தேன்னு சொல்லியிருந்தா, எங்க வூட்டுக்காரர பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பீங்களா?"

"பதில் சொல்லாதீங்க," என்றாள் பெனாசிர் அவசரமாக.

ஆனால் அஸ்வினிக்கு அதில் பெருமைதான் இருந்தது. "கண்டிப்பா," என்றாள். "வழியெல்லாம் சொல்லி அனுப்பியிருப்பேன்."

வேணி போனை எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பினாள். நொடியும் கைகாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"ரெண்டும் எங்கிட்ட இருக்குதுங்க. அவருதான் ஏத்தினாரு. சந்தையில நொடிக்காரங்க பிளாஸ்டிக் குடம் குடுத்தாங்க. கைகாட்டிக்காரங்க கொடை குடுத்தாங்க. ரெண்டும் ஓசியாச்சேன்னு ரெண்டையும் ஏத்திக்கினு வந்தாரு. எனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். அன்னிக்கி கை நடுங்கிக்கினு இருந்திச்சி, முன்னால தட்டுப்பட்டத தொட்டேன்."

"வா வேணி, போவலாம்," என்று பெனாசிர் அவள் தோளைத் தொட்டாள்.

வேணி நகரவில்லை. கட்டைவிரலை நொடியின் மேல் வைத்தாள். பிறகு மெல்ல அதைக் கைகாட்டியின் மேல் நகர்த்தினாள். மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுபோனாள்.

"ஒரு வெரக்கடைதாம்மா," என்றாள். "ஒரு வெரக்கடை தள்ளித் தொட்டிருந்தா அவரு இருந்திருப்பாரு. எங்கத்தைகிட்ட இத யாரு போயி சொல்றது?"